இணையக் கடை மெதுவாகத் திறக்கிறதா? செலவுக்கு முன் கணக்குப் பாருங்கள்!



நமது டெல்டா மாவட்ட வணிகர்களில் பலர் இன்று கடைத்தெரு வாசல் ஒன்று போதாது என்று இணையத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்று நம் ஊர்ச் சரக்கு வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால் அப்படிக் கடை திறந்தவர்களிடம் பேசினால் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. "ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பக்கம் திறக்கவே நேரமாகிறது, பாதியிலேயே போய்விடுகிறார்கள்" என்பதுதான் அது.

நேரில் வரும் வாடிக்கையாளர் கூட்டத்தைப் பார்த்தால், "முதலாளி, கொஞ்சம் சீக்கிரம் போடுங்க" என்று குரல் கொடுப்பார். நாமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவரை நிறுத்திக்கொள்வோம். இணையத்தில் காத்திருப்பவர் குரல் கொடுப்பதில்லை. விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பெரிய கம்பெனிக்காரனிடம் போய்விடுகிறார். போனவர் யார் என்பதுகூட நமக்குத் தெரியாது. செல்போனில் ஒரு பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் 53 சதவீத வருகைகள் பாதியில் முறிந்துபோகின்றன என்று கூகுள் நிறுவனம் 2016-இல் கூறியது.

இந்த நிலையில் கடையை அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பெரிய சர்வருக்கு மாறுங்கள்" என்பதே. மாத வாடகை இரட்டிப்பாகும். சில சமயம் அது சரியான யோசனைதான். ஆனால் எந்த இடத்தில் அடைப்பு என்று பார்க்காமல் காசைக் கொட்டுவது, கிட்டங்கியில் பையன் சரக்கைத் தேடித் திண்டாடும்போது முன்கடையில் இன்னொரு தராசு வாங்கி வைப்பதற்குச் சமம்.

பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான்

2014 அக்டோபர் 6-ஆம் தேதி பெங்களூரின் பிளிப்கார்ட் நிறுவனம் 'பிக் பில்லியன் டே' என்ற பெயரில் ஒருநாள் தள்ளுபடி விற்பனை நடத்தியது. கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. நிறுவனர்களான சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். ஏறக்குறைய 5,000 சர்வர்களை நிறுத்தி, 20 மடங்கு கூட்டத்துக்குத் தயாராக இருந்தும் போதவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டால் மட்டும் ஆபத்து விலகிவிடாது என்பதற்கு இது ஒரு சான்று.

இதற்கு ஓராண்டு முன்பு, 2013 அக்டோபர் 1-இல், அமெரிக்க அரசு மக்களுக்கு மருத்துவக் காப்பீடு விற்க 'ஹெல்த்கேர் டாட் கவ்' என்ற தளத்தைத் திறந்தது. முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறே பேர். பிறகு வெளியிலிருந்து வல்லுநர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வந்து பார்த்தபோது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஒரு பலகைகூட அங்கே இல்லை. முதல் வேலையாக அதை ஏற்படுத்தினார்கள். அடிக்கடி தேவைப்படும் ஒரே தகவலைத் தளம் ஒவ்வொரு முறையும் தரவுக் கிடங்குக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதற்கு ஒரு பிரதியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள். இதுபோன்ற பல திருத்தங்களுக்குப் பின், அக்டோபரில் சராசரி 8 விநாடியாக இருந்த காத்திருப்பு, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விநாடிக்கும் கீழே வந்தது. கடை திறந்திருந்தபடியே நடந்த வைத்தியம் இது. அளந்தார்கள், அதன் பிறகே கைவைத்தார்கள்.

நாமே அளப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் குரோம் பிரௌசரில் உங்கள் கடையைத் திறந்து, 'எஃப் 12' விசையை அழுத்துங்கள். வரும் பலகையில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பக்கத்துக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளும் ஒரு வரியாக, எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்ற கணக்கோடு வந்து நிற்கும். நம் நாள்வழிக் குறிப்பேடு போலத்தான். அதைப் படிக்கும் முறை இது:

முதல் வரியே காத்துக் கிடந்தால் தாமதம் சர்வருக்குள். பதிலின் முதல் துளி 0.8 விநாடிக்குள் வருவது நல்லது என்பது கூகுளின் அளவுகோல்.

முதல் வரி உடனே வந்து, படங்கள் இழுத்துக்கொண்டே போனால் தாமதம் பாரத்தில்.

வேறு நிறுவனத்தின் பெயர் கொண்ட வரி நின்று அடைத்தால், நாம் வெளியிலிருந்து வாங்கி ஒட்டிய அரட்டைப் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு போன்றவற்றில் கோளாறு.

நமக்கு எல்லாம் வேகமாக இருந்து, வாடிக்கையாளருக்கு மட்டும் மெதுவென்றால் பாதையையோ அவர் கைப்பேசியையோ பார்க்கவேண்டும். இதற்குக் கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற இலவசச் சோதனை உதவும். போதிய வருகை உள்ள தளமென்றால், கடந்த 28 நாட்களில் உண்மையாக வந்தவர்களின் அனுபவத்தையே அது காட்டும். நான்கு வருகைகளில் மூன்றுக்காவது பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்ல நிலை.

நான்கு காரணங்கள், நான்கு பரிகாரங்கள்

முதலாவது, சர்வருக்குள் நடக்கும் தேடல். பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் அட்டவணை இருந்தால் ஒருவர் கணக்கை நொடியில் எடுக்கலாம். இல்லாவிட்டால் ஆயிரம் பக்கத்தையும் புரட்ட வேண்டும். தரவுக் கிடங்கிலும் அப்படியே. அந்த அட்டவணைக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர். சரக்கு 50 வகையாக இருந்தபோது அது இல்லாத குறை தெரியாது. 5,000 வகையானதும் தெரிந்துவிடும். இன்னொரு குறை, 40 பொருளின் விலையை ஒரே சிட்டையில் எழுதி வாங்காமல், பையனை 40 முறை கிட்டங்கிக்கு அனுப்புவது. அதிக நேரம் பிடிக்கும் கேள்விகளைத் தனியே பதிவு செய்யும் வசதி தரவுக் கிடங்கிலேயே உண்டு. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது, படங்களின் பாரம். செல்போனில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் இருக்கலாம். 40 பொருளுக்கு 160 மெகாபைட். விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது இறங்கி முடிய 128 விநாடி ஆகும். அதே படங்களைச் சுருக்கி ஒவ்வொன்றும் 100 கிலோபைட் ஆக்கினால் மொத்தம் 4 மெகாபைட்தான். 3.2 விநாடியில் முடிந்துவிடும். திரையில் தெரியும் படத்தை மட்டும் முதலில் இறக்கி, மற்றவற்றை வாடிக்கையாளர் கீழே நகர்த்தும்போது இறக்கினால் இன்னும் வேகம். இதற்குப் பெரிய சர்வர் வேண்டாம். ஒருநாள் உழைப்புப் போதும்.

மூன்றாவது, தூரமும் பாதையும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 0.2 விநாடிக்கு மேல் ஆவது சாதாரணம். ஒரு பக்கத்துக்குப் பல முறை போய்வர வேண்டியிருப்பதால் அது கூடிக்கொண்டே போகும். அமேசான் நிறுவனம் 2016 ஜூனிலேயே மும்பையில் சர்வர் மையம் திறந்துவிட்டது. வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்க, நம் கடை எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். சில சமயம் பாதையே பழுதாகும். 2016 டிசம்பரில் வர்தா புயலால் சென்னையில் கடலடிக் கம்பி இணைப்புப் பாதிக்கப்பட்டு இணையம் மெதுவானது. 2018 நவம்பரில் கஜா புயலின்போது நம் டெல்டாவில் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் சர்வரை மாற்றிப் பயனில்லை.

நான்காவது, நெரிசல். காலையில் வேகமாக இருந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் மாலையில் மட்டும் மெதுவாகிறது என்றால் கணக்குப் போடுங்கள். ஒரே நேரத்தில் 20 பேரைக் கவனிக்கும் சர்வர், ஒவ்வொருவருக்கும் அரை விநாடி எடுத்தால் விநாடிக்கு 40 பேரை அனுப்பிவிடும். 4 விநாடி எடுத்தால் 5 பேரைத்தான். மீதிப்பேர் வரிசையில் நிற்பார்கள். ஆகவே வேலை நேரத்தைக் குறைப்பதே ஆளைக் கூட்டுவதற்குச் சமம். இரண்டையும் செய்து பார்த்து இன்னும் போதவில்லை என்றால், அப்போது பெரிய சர்வருக்குக் கொடுக்கும் காசு வீண் காசு அல்ல. வந்து நிற்பவர் எல்லாம் வாங்குபவரா என்பதையும் பாருங்கள். பக்கங்களை வாரிக்கொண்டு போகும் தானியங்கி நிரல்களும் கூட்டத்தோடு கூட்டமாக வரும். சர்வரின் வருகைப் பதிவேட்டில் அது தெரியும்.

ஓடும் கடையில் கைவைக்கும்போது

வியாபாரம் நடக்கும் கடையைப் பூட்டிவிட்டுப் பழுது பார்க்க முடியாது. எனவே சில கட்டுப்பாடுகள் அவசியம்.

1. தாமதம் எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முந்தைய நாள் என்ன மாற்றம் செய்தோம் என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கலாம்.

2. எதையும் தொடுமுன் முழுப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாற்றத்தை முதலில் அந்தப் பிரதிக் கடையில் செய்து பார்க்கட்டும்.

3. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாது.

4. ஆர்டர் குறைந்த நேரத்தில் செய்யுங்கள். பண்டிகை வாரத்தில் வேண்டாம்.

5. முன்பு எத்தனை விநாடி, பின்பு எத்தனை விநாடி என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பெரிய சர்வர் வேண்டும் என்று சொல்பவரிடமும் இந்தக் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டினால் தாராளமாகக் கொடுங்கள்.

மூட்டையை எடை போடாமல் நாம் யாரும் கொள்முதல் செய்வதில்லை. ஈரம் பார்க்காமல் நெல்லுக்கு விலை சொல்வதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதால் இணையத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. பெரிய கம்பெனிகளிடம் ஆயிரக்கணக்கில் சர்வர் இருக்கலாம். நம்மிடம் இருப்பது பைசாவுக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி. அதை இந்தப் புதுக் கடையிலும் பயன்படுத்தினால், வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போகமாட்டார்.