பத்து வரை சொல்லும், மூன்று எடுக்கத் தெரியாது

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். அதே குழந்தையிடம் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை நீட்டி, "மூணு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும்.

உளவியலாளர் கேரன் வின் 1990களின் தொடக்கத்தில் இப்படித்தான் சோதித்தார். குழந்தை முதலில் 'ஒன்று' என்பதன் பொருளைப் பிடிக்கிறது. 'இரண்டு' விளங்கப் பல மாதம், 'மூன்று' விளங்க இன்னும் சில மாதம் ஆகிறது. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்குப் பிறகே பிடிபடுகிறது. ஒப்பிப்பதற்கும் எண்ணுவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. விளையாட்டு உதவுவது இங்கேதான்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பதினான்கு குழிகளில், குழிக்கு ஒன்றாகக் காய் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒன்றைத் தாண்டினாலோ இரண்டைச் சேர்த்துப் போட்டாலோ ஆட்டம் கெடும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதே எண்ணுவதன் முதல் விதி என்று ரோசெல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் 1978இல் எழுதினார்கள். அந்த விதி இங்கே விரல் வழியாகப் பழகிவிடுகிறது. குழியில் நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய அளவு பெரியவர்களுக்கே ஏறக்குறைய நான்குதான். 'பசு'வைத் தேடும் குழந்தை அந்தப் பார்வைக்குப் பயிற்சி எடுக்கிறது.

கட்டம் தாண்டும் ஆட்டங்களுக்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளை, 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய கட்டங்களில் விளையாட வைத்தார்கள். சில நாள் ஆட்டத்திலேயே எண்களை ஒப்பிடும் திறன் கூடியது. எண் இல்லாமல் நிறம் மட்டும் பூசிய கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. 2008இல் வெளியான ஆய்வு இது.

எப்படி எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும்போது மூன்று விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தாமல் "ஆறு, ஏழு, எட்டு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். பரமபதப் பலகை வரிசைக்கு வரிசை திசை மாறுவதால் சின்னக் குழந்தை குழம்பும். தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் நேராகப் போட்டால் போதும். தாயக்கட்டையை உருட்டிவிட்டு, காய்க்குப் பதில் குழந்தையே குதித்துப் போகட்டும்.

விளையாடினாலே கணக்கு வந்துவிடுமா? டெல்லியில் 214 பாலர் பள்ளிகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. புள்ளிக் கூட்டங்களையும் வடிவங்களையும் ஒப்பிட்டு விளையாடிய குழந்தைகளுக்கு அளவை உணரும் திறன் கூடியது. ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் அந்தப் பலன் தங்கவில்லை.

ஆகவே விளையாட்டோடு எண்ணின் பெயரும் வடிவமும் சேர்ந்தே வரவேண்டும். பல்லாங்குழியில் ஒரு குழியைக் காலி செய்ததும் "எத்தனை சேர்ந்தது?" என்று கேளுங்கள். குழந்தை எண்ணிச் சொல்லட்டும். சொன்ன எண்ணைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த அவசரம் வேண்டாம்; "இன்னொரு தரம் எண்ணலாமா?" என்றால் போதும்.