அம்மாவின் பழைய வாஷிங் மெஷின் ‘கரகர’ என்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க

நாமக்கல் பக்கம் ஊருக்குப் போனால் பின்கட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இரட்டைத் தொட்டி செமி-ஆட்டோமேட்டிக் மெஷின். புதுசு வாங்கித் தர்றேன் என்றால், “ஓடற வரைக்கும் ஓடட்டும் கண்ணு” என்பார் அம்மா. 1980களின் இறுதியில் டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கைகோர்த்துப் புதுச்சேரியில் மெஷின் தயாரித்த காலம் தொடங்கி, நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். உள்ளே கம்ப்யூட்டர் போர்டு எதுவும் இல்லை. இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு கியர்பாக்ஸ், ஒரு பிரேக். அதனால்தான் இதைக் காப்பாற்ற முடிகிறது.

முதல் எதிரி தண்ணீர். சேலம் மாக்னசைட் வெட்டும் ஊர். திருச்செங்கோடு போர்வெல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். பாறைக்கடியில் இருந்து வரும் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையைத்தான் ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. பக்கெட்டில் வெள்ளைப் படலம் படியும் வீடென்றால், அதே படலம் மெஷினுக்குள்ளும் சோப்புடன் சேர்ந்து கெட்டியாகிறது என்று அர்த்தம்.

கையை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் பிடுங்கிய பிறகும் மோட்டாரோடு இணைந்த கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அதன் முனைகளைத் தொடாதீர்கள். அந்த வேலை தெரிந்தவர் செய்யட்டும். ஈரத் தரையில் நிற்கும் மெஷினுக்கு எர்த் சரியாக இருக்கிறதா, வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கிரீஸைவிட இது முக்கியம்.

துவைக்கும் தொட்டியின் அடியில் சுழலும் தட்டுக்குப் பெயர் பல்சேட்டர். நடு ஸ்க்ரூவைக் கழற்றி மேலே இழுத்தால் வந்துவிடும். (வரவில்லையா? பல வருஷமாக யாரும் கழற்றவில்லை.) எங்கள் வீட்டு மெஷினில் அதற்கடியில் கிடைத்தவை: முடிக்கற்றை, ஹேர்பின், இரண்டு ஒரு ரூபாய் காசு. இதையெல்லாம் எடுத்துவிட்டுத் தட்டைத் திரும்ப மாட்டி, தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் 200 கிராம் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். இதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது; குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கரகர சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் கியர்பாக்ஸ். அதன் மேலுள்ள ரப்பர் சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். மெஷினுக்கடியில் துருநிறத் தண்ணீர் சொட்டினால் அதுதான் அறிகுறி. சீலை மாற்றாமல் கிரீஸ் மட்டும் வைத்தால் கொஞ்ச நாளில் அதே சத்தம் வரும். கியர்பாக்ஸுக்குத் தண்ணீரைத் தாங்கும் லித்தியம் கிரீஸ் போதும். நாமக்கல்லில் எந்த லாரி ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். ரப்பர் பாகங்களுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ், ஏனென்றால் பெட்ரோலிய கிரீஸில் சில வகை ரப்பர் உப்பிவிடும். பல்சேட்டர் உட்காரும் தண்டில் லேசாகத் தடவிவிட்டால் அடுத்த முறை சுலபமாகக் கழலும்.

பிழியும் தொட்டி சுற்றத் திணறினால், முதலில் தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சாக்ஸ் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கும். டேபிள் ஃபேன் புஷ்ஷுக்கு விடும் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாங்க! 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும்; மார்கழிக் காலையில் மெஷின் முரண்டு பிடிக்கும். வேறு சமையல் எண்ணெய் என்றால் நாளடைவில் பிசினாகிவிடும். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. துருப்பிடித்த போல்ட்டைத் தளர்த்த அருமை. ஆனால் புஷ்ஷில் அடித்தால் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும்.

எண்ணெய் படவே கூடாத இடங்களும் உண்டு. பெல்ட்டில் பட்டால் வழுக்கும். பிரேக்கில் பட்டால் மூடியைத் திறந்த பிறகும் தொட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் கைவிடும் குழந்தைக்கு அது ஆபத்து. திறந்த சில விநாடிகளில் நிற்காவிட்டால் பிரேக் ஒயரையும் லைனரையும் மாற்றும்வரை அந்தப் பக்கத்தை ஓட்டாதீர்கள். டைமருக்கும் எண்ணெய் வேண்டாம், பழுதானால் புதுசு மாட்டுவதே வழி. பெல்ட் வெடித்திருந்தால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அதன் மேலேயே நம்பர் அச்சடித்திருக்கும்.