பரிசில்லாத ஓட்டம்

நாற்பதைக் கடந்தவர் தெருவில் ஓடினால், "என்ன அவசரம் ஹஜ்ரத்?" என்றே கேட்பார்கள். சுப்ஹு தொழுதுவிட்டு, ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து சண்முகாநதி அணை நோக்கி ஓடத் தொடங்கியபோது எனக்கும் அக்கேள்வி வந்தது. சர்க்கரை நோய் என்று சொல்ல நாணி, சிரித்து மழுப்பினேன்.

புதுவைக்கு அருகே ஆரோவில்லில் 2008இல் தொடங்கிய மராத்தானைப் பற்றி அறிந்த பின்னரே என் கூச்சம் சற்று அகன்றது. செம்மண் காட்டுப் பாதையில் 42.195 கிலோமீட்டர்! ஆயினும் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. ஓடி முடித்தோர் தம்முள் அனுபவங்களைப் பகிர்ந்து கொள்வதே ஆதாயம். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி உடலில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, கால்கள் மறுத்துவிடும். தொடக்கத்தில் விரைந்தோரே அங்கு அதிகம் தவிப்பர். தவித்தவர் வாய்திறந்து சொன்னால்தான் புதியவருக்கு இது தெரியும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், பெருமானார் (ஸல்) அவர்களுடன் ஓடி வென்றதையும், பின்னர் உடல் பருத்த நாளில் ஓடித் தோற்றதையும் தாமே அறிவித்துள்ளார்கள் (அபூதாவூத்). தோற்றதையும் மறைக்கவில்லை, பாருங்கள்!

இன்று நால்வர் சேர்ந்து ஓடுகிறோம். (சர்க்கரைக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. திடீரெனச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மடியில் சிறிது வெல்லம் இருக்கட்டும்.) சென்ற வாரம் அணைக்கரையில் அமர்ந்திருந்தபோது என் சர்க்கரை அளவை முதன்முறையாகச் சொன்னேன். அருகிலிருந்த திராட்சைத் தோட்டக்காரர் தலைகுனிந்தவாறே, "எனக்கு அதைவிட அதிகம், ஹஜ்ரத்" என்றார்.