அதான் எனக்குத் தெரியுமே!

ஆடி மாதம் புதுச்சேரி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு முதலில் வடம் பிடிப்பவர் யார் தெரியுமா? அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர்! ஆட்சி மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை; இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். இதைப் போய் வீராம்பட்டினத்துக்காரரிடம் சொன்னால் "இது ஒரு சேதியா?" என்பார். சரி, அடுத்த கேள்வி. அதே ஊரிலிருந்து அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் வழியாக டவுனுக்குள் நுழைந்து, வடக்கே கருவடிக்குப்பம் வரை போனால் அங்கே யார் அடக்கம் ஆகியிருக்கிறார், தெரியுமா?

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள்! தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ஒரு முழு நாடகத்தை எழுதி முடித்தவர் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் வாதம் வந்து பேச்சே நின்றுபோய், 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் கண்ணை மூடினார். லட்சக்கணக்கான வசனங்களைப் பிறர் வாயில் ஏற்றிவிட்டவருக்குத் தன் வாயில் பேச்சில்லாமல் போனது. நாடகக் கலைஞர்களுக்குக் கருவடிக்குப்பம் இன்றைக்கும் கோயில் மாதிரி.

அவர் நடத்தியது பாலர் சபை. ராஜாவும் பையன், ராணியும் பையன், ராணியைக் கிண்டல் செய்யும் தோழியும் பையன்தான். அப்படியானால் நம்மைச் சிரிக்க வைத்த பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். அவருடைய கம்பெனியில் முழுக்க முழுக்கப் பெண்கள். ஆண் வேஷமும் அவர்களே! அவர் நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காகவே ரயில் விட்டார்கள், அதற்குப் பெயரே 'பாலாமணி ஸ்பெஷல்', தெரியுமா? இன்றைய எந்த நட்சத்திரத்தின் பெயரில் ரயில் ஓடுகிறது, சொல்லுங்கள்!

சுவாமிகளின் மாணவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் கம்பெனியில் வளர்ந்தவர் நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணன், அதாவது நம் கலைவாணர். 1936இல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனேவுக்குப் போன இடத்தில் ஸ்ரீரங்கத்துப் பெண் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார், அங்கேயே கல்யாணமும் முடிந்தது. அதற்குப் பிறகு கலைவாணர், மதுரம் ஜோடி இல்லாமல் படம் எடுக்கத் தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கலைவாணரைக் கைது செய்தபோது மதுரம் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குள் முடங்கவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் கம்பெனியைத் தொடர்ந்து நடத்தினார். சினிமாவும் எடுத்தார்: 'பைத்தியக்காரன்'. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் கலைவாணர் விடுதலையானார். அதற்குள் படம் கிட்டத்தட்டத் தயார். வெளியே வந்த கணவருக்காகக் கதையில் இடம் உண்டாக்கி அவரையும் நடிக்க வைத்தார்கள்! சிரிப்பு நடிகை என்று இப்படிப்பட்டவர்களை ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

லண்டன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர்களின் மிகப் பெரிய நகைச்சுவைக் குணச்சித்திர நடிகை ஒருவர் நம் மெட்ராஸில் தவழ்ந்தவர், தெரியுமா? மார்கரெட் ரூதர்ஃபோர்டு! 1892இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாகப் பெற்றோரோடு சென்னைக்கு வந்தவர். பின்னணி மட்டும் சிரிப்பதற்கில்லை. அப்பா, மனநிலை தவறித் தன் தகப்பனையே கொன்று, மனநோய் விடுதியில் வருஷக்கணக்கில் இருந்து வெளியே வந்தவர். புது வாழ்வு தேடித்தான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கே அம்மா தற்கொலை செய்துகொண்டார். மூன்று வயதுக் குழந்தையை விம்பிள்டனில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளிய அந்தப் பெண் தொழில்முறை நடிகையாக மேடை ஏறியபோது வயது 33. இங்கே 33 வயதில் நாயகிகளுக்கு அண்ணி வேஷம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்!

ரூதர்ஃபோர்டுக்கு அந்தக் கவலையே வரவில்லை, ஏனென்றால் அவர் எப்போதும் நாயகி இல்லை. தொங்கும் தாடை, விழிக்கும் விழி, எதையும் நம்பிவிடும் முகம். 1960களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளாக நான்கு படங்களில் வந்தார். படத்தில் போட்டுக்கொண்டது அவருடைய சொந்தத் துணிமணிதான். கூடவே வரும் மிஸ்டர் ஸ்ட்ரிங்கராக நடித்தவர் அவருடைய சொந்தக் கணவர்தான்! தன் கதையைச் சினிமாக்காரர்கள் மாற்றியது கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1962இல் வந்த தன் நாவலொன்றை ரூதர்ஃபோர்டுக்குச் சமர்ப்பணம் செய்தார். 71 வயதில் ஆஸ்கர் வாங்கினார் ரூதர்ஃபோர்டு.

கணவன் மனைவி ஜோடி நமக்கும் புதிதில்லையே! 'கல்யாணப் பரிசு' (1959) மன்னார் அண்டு கம்பெனியை மறக்க முடியுமா? வேலைக்குப் போவதாகப் புளுகிவிட்டு, எழுத்தாளன் பைரவன் நான்தான் என்று பீற்றும் தங்கவேலுவை நம்பி உச்சி குளிர்ந்துபோகும் மனைவி எம். சரோஜா. நிஜத்திலும் தங்கவேலுவுக்குச் சரோஜா மனைவியானார்.

ஆனால் தங்கவேலுவை முழுசாகத் தோற்கடித்தவர் இன்னொருவர்: டி.பி. முத்துலட்சுமி, தூத்துக்குடிக்காரர். 'அறிவாளி' (1963) படத்துப் பூரிக் காட்சியை மறுபடி ஒரு தரம் போட்டுப் பாருங்கள். கணவன் பூரி சுடச் சொல்லித் தருகிறான். மாவை எடுக்கணும் என்கிறான், "அதான் எனக்குத் தெரியுமே!" தண்ணி விட்டுப் பிசையணும், "அதான் எனக்குத் தெரியுமே!" தெரியும் என்றுவிட்டு அடுத்தது என்ன என்று அவன் வாயையே பார்ப்பார் முத்துலட்சுமி. ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். ஒரு தடவைகூட அதே ராகம் இல்லை. முதலில் பெருமை, பிறகு அவசரம், பிறகு 'இதைப் போய் எனக்குச் சொல்கிறாயே' என்ற சலிப்பு. தங்கவேலு பத்து வரி பேசி வாங்க வேண்டிய சிரிப்பை இவர் மூன்று வார்த்தையில் அள்ளிக்கொண்டு போகிறார். அறுபது வருஷமாகத் தமிழ்நாட்டு அடுப்படிகளில் அந்த வசனம் ஓடுகிறது. இந்தக் கட்டுரையின் தலைப்புக்கும் அதைத்தான் திருடியிருக்கிறேன்.

இனி ஆச்சி. மன்னார்குடியில் 1937இல் பிறந்த கோபிசாந்தா எப்படி 'ஆச்சி' ஆனார், தெரியுமா? அம்மாவோடு பிழைப்புத் தேடிக் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்ததால்! அம்மா வீட்டு வேலை செய்ய, பெண் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு நாடகத்துக்குப் போனார். செட்டிநாட்டுப் பேச்சு அங்கே ஒட்டியது. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) படத்தில் வாய்ப்பு வந்தபோது, கிடைத்தது நகைச்சுவை வேஷம். மேடையில் நாயகியாக நின்றவருக்குத் தயக்கம். நாயகியாகவே நடித்தால் நான்கைந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இதில் நின்றால் நிலைக்கலாம் என்று கவிஞர் தேற்றியதை மனோரமா பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

கவிஞர் வாக்கு பலித்ததா? 1958இல் தொடங்கியவர் 2013இல் வந்த 'சிங்கம் 2' வரை திரையில் இருந்தார். 1985இலேயே ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டார் என்று கின்னஸில் ஏறினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 27 வருஷத்தில் ஆயிரம் என்றால் மாதத்துக்கு மூன்று படம்! பிரிட்டனில் 'கேரி ஆன்' என்ற சிரிப்புப் படவரிசையில் 24 படங்களில் நடித்தார் என்று ஜோன் சிம்ஸைக் கொண்டாடுகிறார்கள். 24 படம் ஆச்சிக்கு எட்டு மாத வேலை.

எண்ணிக்கையை விடுங்கள், காதைக் கொடுங்கள். மெட்ராஸ் பாஷையில், வாத்தியாரை வீட்டுப் பக்கம் அழைக்கும் 'பொம்மலாட்டம்' (1968) படப் பாட்டைப் பாடியது எந்தப் பின்னணிப் பாடகி? யாரும் இல்லை, ஆச்சியேதான்! செட்டிநாட்டில் வளர்ந்த தொண்டையில் சேரிப் பேச்சு அச்சாக வருகிறது. 'சூரியகாந்தி'யில் (1973) நடிகர் சோவோடு சேர்ந்தால் அக்கிரகாரத்துப் பேச்சு.

அதே 1968இல்தான் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி. எதிரே சிவாஜி கணேசன், வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக. வாசிப்பைக் கேட்டு உருகிப்போன நாடகக்காரி ரமாமணி ஒரு சந்தேகம் கேட்பாள்: இந்தச் சத்தம் உங்க நாயனத்தில் மட்டும்தான் வருதா, எல்லா நாயனத்திலும் வருமா? கேட்கிற முகத்தைக் கவனியுங்கள். கிண்டலின் நிழல்கூட இல்லை. தெரிந்துகொள்ளத் துடிக்கும் ஒரு வெள்ளை மனசு மட்டும்தான் அங்கே இருக்கிறது. சிரிக்க வைக்கிறோம் என்று அந்த இடத்தில் ஒரு இமை அசைத்திருந்தால் காட்சி பாழ். இதைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர், தெரியுமா? மேடையில் அண்ணா, கருணாநிதி, திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, தெலுங்கில் என்.டி.ஆர்.! 'நடிகன்' (1990) படத்தில் சத்யராஜின் கிழவர் வேஷத்தை நம்பிக் காதலில் விழும் பேபி அம்மா. 'சின்னக் கவுண்ட'ரில் (1992) பல்லைத் துருத்திக்கொண்டு வரும் அம்மா. அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை எங்கோ தொலைத்துவிட்டு வந்தவர்களால்தான் இப்படி முடியும். தேசிய விருது கிடைத்தது 'புதிய பாதை' (1989) படத்துக்கு; பத்மஸ்ரீ 2002இல். அவ்வளவு தாமதம் ஏன் என்று டெல்லியைத்தான் கேட்க வேண்டும்.

நாயகி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து ஜெயித்தவரும் உண்டு. 'வீரத்திருமகன்' (1962) நாயகி சச்சு, இரண்டே வருஷத்தில் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷுக்கு ஜோடி! அப்போது அவருக்கு வயது 16தான்.

கோவை சரளா? 'சின்ன வீடு' (1985) படத்தில் பாக்யராஜுக்கு அம்மா. நிஜத்தில் பாக்யராஜைவிட வயதில் சின்னவர். 'சதி லீலாவதி'யில் (1995) டாக்டராக வரும் கமல்ஹாசனும் அவரும் கொங்குத் தமிழில் சண்டை போட்டால், யார் டாக்டர் யார் நோயாளி என்றே தெரியாது. அந்தக் குரல் கேட்டாலே தியேட்டர் சிரிக்கும். அதே சரளா 2022இல் 'செம்பி'யில் கொடைக்கானல் மலையில் தேன் எடுக்கும் பழங்குடிப் பாட்டியாக, பேத்திக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு நடந்தார். ஒரு இடத்திலும் பழைய சரளாவைக் காணோம், தெரியுமா? "அதான் எனக்குத் தெரியுமே" என்று மட்டும் சொல்லாதீர்கள். படம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.