கரிசல் காட்டுச் சம்சாரியின் நாள் கணக்கு

பசு வந்து அணைந்த ஊர் ஆகையால் பசுவந்தனை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கைலாசநாதர் கோயில் கொண்டிருக்கும் அந்த ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில், சென்ற புரட்டாசியில் நாம் ஒரு பகல் முழுவதும் சுற்றினோம். ஏர் பூட்டிய ஒரு ஜோடி மாட்டைக்கூடக் காணோம். பசு இருக்கிறது, பால் வண்டியும் தவறாமல் வருகிறது. உழவு மாடுதான் இல்லை.

நாம் கண்டது ஒரு டிராக்டர். மணிக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வீதம் புழுதி பறக்க உழுதுகொண்டிருந்தது. ஓட்டியவர் ஒருவர், வரப்பில் நின்று பார்த்தவர் ஒருவர். முன்காலத்தில் ஓர் ஆளும் ஒரு ஜோடி மாடும் விடியற்காலம் முதல் பாடுபட்டாலும் ஒரு நாளில் ஒரு ஏக்கர் முடிப்பது துர்லபம். ஆகவே உழவைப் பொறுத்த மட்டில் ஓர் ஆளின் வேலைத் திறன் எட்டு மடங்குக்குக் குறையாமல் பெருகிவிட்டது. அப்படியானால் சம்சாரியின் வருமானமும் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? வரப்பில் நின்ற பெரியவரிடம் அதைக் கேட்டோம். அவர் சிரித்தார்.

(சம்சாரி என்றால் வெறும் குடும்பஸ்தர் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். கரிசல் சீமையில் விவசாயிக்கு அதுவே பெயர்.)

விவசாயத்தை அளக்க இரண்டு முழக்கோல்கள் உண்டு. ஒரு ஏக்கரில் எத்தனை மூட்டை என்பது ஒன்று; ஓர் ஆளின் உழைப்புக்கு எத்தனை மூட்டை என்பது மற்றொன்று. தேசத்துக்குச் சோறு கிடைக்குமா என்பதை முதல் கணக்கு சொல்லும். உழுதவன் வீட்டில் என்ன மிஞ்சும் என்பதை அறிய இரண்டாவது கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அந்நிய ஆட்சியில் முதல் கணக்கே படுத்துக் கிடந்தது. 1891 முதல் 1947 வரையிலான புள்ளி விவரங்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிளின் என்பவர் 1966-இல் ஒரு நூல் வெளியிட்டார். உணவுப் பயிர்களின் விளைச்சல் வருஷத்துக்கு நூற்றுக்கு 0.11 வீதமே வளர, ஜனத்தொகையோ 0.67 வீதம் வளர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. பருத்தி முதலிய வியாபாரப் பயிர்கள் மட்டும் வேகமாக முன்னேறின. திருநெல்வேலிப் பருத்தி தூத்துக்குடியில் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

நம் குடியானவனுக்கு உழைக்கத் தெரியாது என்று கூறிய துரைமார்கள் உண்டு. ஆனால் 1889-இல் சர்க்காரே இங்கிலாந்திலிருந்து தருவித்த ரசாயன நிபுணர் வோல்க்கர், தேசமெங்கும் சுற்றிவிட்டு 1893-இல் வெளியிட்ட அறிக்கையில் வேறு விதமாக எழுதினார். தேர்ந்த இந்தியக் குடியானவன் சாதாரண ஆங்கிலக் குடியானவனுக்குத் தாழ்ந்தவன் அல்லன். சில விஷயங்களில் மேலானவன் என்பது அவர் அபிப்பிராயம். அவர் குறை கண்டது தண்ணீரிலும் எருவிலும்!

சுதந்திரத்துக்குப் பின் முதல் கணக்கு நிமிர்ந்தது. 1950-51-இல் சுமார் 5 கோடி டன் தானியம் விளைந்த தேசத்தில் 2023-24-இல் 33 கோடி டன் விளைந்தது. இரண்டாவது கணக்கும் உயர்ந்தது. ஆனால் மற்றத் தொழில்களின் வேகத்தில் அல்ல. 1951-இல் உழைப்பாளிகளில் நூற்றுக்கு 70 பேர் நிலத்தை நம்பினார்கள்; தேச வருமானத்தில் ஏறத்தாழப் பாதி நிலத்திலிருந்து வந்தது. 2023-24-இல் நம்பினவர் 46 பேர். வருமானத்தில் நிலத்தின் பங்கு சுமார் 18. கணக்குப் போட்டுப் பார்த்தால், விவசாயத்தில் ஓர் ஆள் உண்டாக்கும் மதிப்பு மற்றத் தொழில்களில் ஓர் ஆள் உண்டாக்குவதில் கால் பங்குதான். அமெரிக்காவில் 1900-இல் நூற்றுக்கு 40 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று இரண்டு பேர்கூட இல்லை. விலகியவர்களை அங்கே ஆலைகளும் நகரங்களும் ஏற்றுக்கொண்டன. இங்கேயோ, 2018-19-இல் 42.5 ஆக இறங்கிய விகிதம், கொரோனாக் காலத்தில் ஜனங்கள் கிராமத்துக்குத் திரும்பவே மறுபடி மேலே ஏறிவிட்டது.

கால் பங்கு என்றதும், "சம்சாரி பாதி நாள் சும்மா இருக்கிறான்" என்று பட்டணத்தில் சிலர் தீர்ப்பளிப்பார்கள். வானம் சும்மா இருந்தால் அவன் என்ன செய்வான்? இந்தக் காட்டில் வருஷ மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். புரட்டாசியில் விதைத்தால் மாசி பங்குனிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, உழைத்த ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் சம்சாரி அவ்வளவு பின்தங்கியவனாகத் தோன்றமாட்டான். ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் பாதாளத்தில் கிடப்பான். இந்த வித்தியாசத்தைப் பொருளாதார நிபுணர்கள் வெகு தாமதமாகவே கவனித்தார்கள். பசுவந்தனையில் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்த சங்கதி இது.

வேலையற்ற மாதங்களில் கைகள் தீப்பெட்டி ஆபீஸைத் தேடிச் சென்றன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தொழில், சாத்தூர், கோவில்பட்டி வரையில் பரவியது. சம்பளத்துக்குப் பழகிய கைகள் களை எடுக்கும் வேளையிலும் காட்டுக்குத் திரும்பவில்லை. பருத்தியோ ஆளைக் கேட்கும் பயிர். இரண்டு மூன்று களை எடுக்க வேண்டும். வெடித்த பருத்தியைப் பல தடவை கையால் பறிக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு ஒரே அறுவடை; அடிக்க இயந்திரம்; வாங்க நாமக்கல் கோழிப் பண்ணை. கருங்கண்ணிப் பருத்தி காய்த்த காட்டில் மக்காச்சோளம் குடியேறிய ரகசியம் இதுதான். 2018-இல் அமெரிக்கப் படைப்புழு வந்து அதையும் பதம் பார்த்தது.

1901-இல் ஏற்பட்ட கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒரு நல்ல யுக்தியைப் பரப்பியிருக்கிறது. விதையைப் பொட்டாசிய உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மழைக்கு முன்பே புழுதியில் சற்று ஆழமாக விதைத்துவிடுவது. சிறு தூறலுக்கு விதை ஏமாந்து முளைக்காது. நல்ல மழை விழுந்ததும் பயிர் முந்திக்கொள்ளும். மழை பெய்த அந்த ஒரு வாரத்தில் ஊரே ஆளுக்கு அலைவதும் குறையும். சம்சாரியின் உழைப்பு நாட்களைப் பரவலாக்கும் இத்தகைய ஆராய்ச்சி, புது விதைக்குச் சிறிதும் குறைந்ததல்ல என்பது நம் கருத்து.

பெரியவர் சிரித்ததற்குக் காரணம் சொல்லவில்லையே! "டிராக்டர் நம்மது இல்லையே, ஐயா. மணிக்கு இத்தனைன்னு வாடகை" என்றார். "மாடு எங்க காட்டுத் தட்டையைத் தின்னுச்சு, எங்க காட்டுக்கே எருப் போட்டுச்சு. இது டீசலைக் குடிச்சிட்டுப் புகையைப் போடுது."

உழவில் மிச்சமான நாட்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். கோவில்பட்டியில் கட்டட வேலைக்குப் போவாராம். வயதாகிவிட்டதால் இப்போது கூப்பிடுவது குறைவாம். ஜனத்தொகைக் கணக்கில், வருஷத்தில் ஆறு மாதம் உழைத்தவர் முழு உழைப்பாளி, குறைந்தவர் குறு உழைப்பாளி. 2011 கணக்கில் விவசாயக் கூலிகள் 14.43 கோடி, சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுவோர் 11.87 கோடி. பெரியவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "அஞ்சரை வருது, ஐயா. மழை பின்தங்கிப் பெஞ்சா ஆறு ஆகும். இந்த வருசம் எப்படின்னு கார்த்திகை கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்றார்.