வெட்டுமுன் பூவைப் பாருங்கள்!

சூரமங்கலம் என்றதும் ரயில்தான் நினைவுக்கு வரும். சேலம் ஜங்ஷன் இருப்பது இங்கேதான்.

இந்தப் பக்கத்துக் காலி மனைகளில் முள்மரம் நின்றால், யாரும் பெயர் கேட்பதில்லை. "முள்ளு மரம், வெட்டு!" என்பதோடு சரி.

ஆனால், எல்லாம் ஒரே மரமா?

2017-ஆம் ஆண்டு, சீமைக் கருவேலை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம். வேலிக்காத்தான் என்பதும் அதுவே. நம் கருவேலோ பரம்பரையாக இந்த மண்ணில் நிற்பது. வண்டிச் சக்கரமும் கலப்பையும் தந்த மரம். பெயர் ஒட்டியிருப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வெட்டுப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்!

சீமைக் கருவேல் வெட்டிய இடத்திலேயே மறுபடி துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும். கருவேலுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

அடையாளம் என்ன?

பூவைப் பாருங்கள். மஞ்சள் பந்து போல உருண்டையாக இருந்தால் கருவேல். விரல் நீளத்துக்குக் கதிர் போலத் தொங்கினால் சீமைக் கருவேல்.

பூ இல்லாத காலமா? காயைப் பாருங்கள். மணி கோத்த மாலை போல, விதைக்கு விதை இடுப்பு சிறுத்துச் சாம்பல் பூத்திருந்தால் கருவேல். அப்படிச் சிறுக்காமல், பழுத்ததும் மஞ்சளாகி இனித்தால் சீமைக் கருவேல்.

பட்டை வெளிறியிருந்தால் அது வெள்வேல். கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் பூ பூக்கும். சாராயம் காய்ச்சப் பயன்பட்ட பட்டை இதுதான். அதற்காக மரத்தைக் குறை சொல்ல முடியுமா?

கிளை குடை விரித்தது போலப் படர்ந்து, காய் சுருண்டிருந்தால் குடைவேல்.

முள்ளில்லாத உறவினர்

சாலையோரத்தில் முள்ளே இல்லாமல், அரிவாள் போல வளைந்த இலையோடு ஒரு மரம் நிற்கும். கத்திச் சவுக்கு என்பார்கள். ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து மரம். அந்த இலை உண்மையில் இலையே அல்ல, தட்டையாகிப்போன காம்பு! முளைத்த கன்றில் மட்டும் வேல மரத்துச் சிற்றிலைகளைக் காணலாம்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இந்த இனத்தை 'வாட்டில்' என்கிறார்கள். தாவர நூலில் 'அகேசியா'. நம் கருவேலுக்கும் நெடுங்காலம் அதே பெயர்தான். 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே ஒதுக்கிவிட்டது. கருவேல் இப்போது 'வாச்செல்லியா'.