மஞ்சக்குப்பத்து உத்தியோகமும் மனிதனின் உயர்வும்

கெடில நதியின் வடகரையில் அமைந்திருக்கும் மஞ்சக்குப்பம், கடலூர் நகரத்தின் பகுதிகளுள் ஒன்றேயாயினும், தென்னாற்காடு ஜில்லா என்ற பரந்த பிரதேசம் 1993-ஆம் ஆண்டில் கடலூர், விழுப்புரம் என இரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்படும் வரையில் அந்த ஜில்லா முழுமையின் நிர்வாகமும் நடந்துவந்த இடமாகவும், இன்றும் காலை பத்து மணியளவில் சாப்பாட்டுப் பையும் காகிதக் கட்டும் ஏந்திய உத்தியோகஸ்தர்களால் வீதிகள் நிறைந்து காணப்படும் ஊராகவும் இருக்கிறது. உத்தியோகம், அதில் உயரவேண்டும் என்ற அபிலாஷை, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பிரயத்தனம் ஆகிய மூன்றையும் பற்றி இவ்வூரின் சரித்திரமும் இதன் சுற்றுப்புறமும் நமக்குச் சொல்லக்கூடியது நிறைய உண்டு என்பது, வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகத் தொடங்கி நெடுங்காலம் ஊழியம் செய்த எனது கருத்து.

உத்தியோகப் படிவரிசை எத்தகையது என்பதை வெளியார் அறியமாட்டார்கள். குரூப் நான்கு தேர்வில் தேறி இளநிலை உதவியாளராக வந்து சேரும் ஓர் இளைஞனுக்கு முதலில் கிடைப்பது ஒரு மேஜை, ஒரு தன்பதிவேடு, முன்னவர் விட்டுச்சென்ற கோப்புகள் ஆகியவையே. அவன் உதவியாளராகி, துணை வட்டாட்சியராகி, வட்டாட்சியர் நாற்காலியில் அமர வேண்டுமானால், வருடந்தோறும் மே மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளில் தேறியாக வேண்டும். ரெவின்யூ டெஸ்ட், அக்கவுண்ட் டெஸ்ட், டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் மேனுவல் என்று பழைய பெயர்களாலேயே இன்றும் வழங்கும் இத்தேர்வுகளுள் சிலவற்றில் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்து எழுதலாம் என்பது ஒரு விசேஷம். விதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அதில் தேறிவிடுவான். அந்த விதி யாருக்காக, எந்த அநியாயத்தைத் தடுக்கும் பொருட்டு ஏற்பட்டது என்று அறிந்தானா என்பதைப் பரீட்சிக்க எந்தத் தேர்வும் கிடையாது.

தேர்வுகள் முடிந்தபின் தொடங்குவது சீனியாரிட்டிப் பட்டியலின் ஆட்சி. தன்னோடு ஒரே ஆண்டில் சேர்ந்தவன் தனக்கு மேலே இரண்டு வரி தள்ளி நிற்பதைக் கண்டு, வீட்டில் மனைவி மக்களோடு பேசும்போதும், கோயிலில் தீபாராதனைக்கு நிற்கும்போதும்கூட அந்த இரண்டு வரிகளின் நினைவையே சுமந்துகொண்டு திரிகிற நல்ல மனிதர்கள் பலரை நான் அறிவேன். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் கூடினால் பெண்ணின் படிப்புக்கு உதவும். பதவி கூடினால் பிறர் மதிப்பர். இவ்விரண்டையும் விரும்புவது பாபமன்று. ஆனால் பட்டியலில் ஏறுவதும் மனிதன் உயர்வதும் ஒன்றே என்று எண்ணிவிட்டால், பதவி உயர்வு தாமதமான ஆண்டுகளெல்லாம் வீணாய்ப்போன ஆண்டுகள் என்று ஆகிவிடுகின்றன. அப்படி ஆயுளில் பெரும்பகுதியை நாமே தள்ளுபடி செய்துவிடலாமா என்பதுதான் என்னை வெகு நாட்களாக வாட்டிய கேள்வி.

உத்தியோக ஆசை எந்த எல்லை வரையில் போகக்கூடும் என்பதைக் காட்டிய ஒரு குமாஸ்தா இந்த வட்டாரத்தில் உலவியதுண்டு. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம் வரையிலுள்ள நிலமும் சேர்ந்தே கைமாறிற்று. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டைக்கு 1746-இல், சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பின், மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்த கம்பெனி எழுத்தர் ராபர்ட் கிளைவ்தான் நான் சொன்ன குமாஸ்தா. வருடத்துக்கு ஐந்து பவுன் சம்பளம், ஓயாத தனிமை, மனச்சோர்வு இவற்றோடு சென்னையில் இரண்டாண்டு கழித்த இளைஞன் அவன். அங்கே கவர்னரின் நூலகத்தில் படித்தது ஒன்றே அவனுக்கு ஆறுதலாயிருந்தது என்பர். அவ்வாண்டு டிசம்பரில், மஞ்சக்குப்பத்திலிருந்த கவர்னரின் தோட்ட மாளிகையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றி, ஆர்க்காட்டு நவாபின் சேனை வந்ததும் கைவிட்டு ஓடிய அமளிக்குப் பின், எழுதுகோலை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தான். பிறகு படைகளுக்கு உணவுப் பொருள் சேகரித்துக் கொடுக்கும் வேலையில் கமிஷன் பெற்றுப் பெருஞ்செல்வம் திரட்டியதும், 1756-இல் இதே கோட்டைக்குத் தலைவனாய் வந்து அமர்ந்ததும், மறு ஆண்டே பிளாசியில் வென்றதும் பள்ளிக்கூடப் பாடம். தானாகக் கற்றவன், துணிந்தவன், சந்தர்ப்பத்தை நழுவவிடாதவன் என்று இன்றைய முன்னேற்ற நூல்கள் புகழும் குணங்கள் யாவும் அவனிடம் இருந்தன. அவன் வகுத்த பாதையில் கம்பெனியார் வசூலித்த வரியும் 1770-ஆம் ஆண்டில் வங்காளத்து ஜனங்களைக் கொன்ற பஞ்சமும், பார்லிமெண்டின் விசாரணையும், 1774-இல் தன் கையாலேயே நேர்ந்ததாகக் கருதப்படும் அவனது மரணமும் அந்த உயர்வோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. தன் அபிலாஷைக்கான விலையைப் பிறர் கொடுக்கும்படி விடுகிறவனை நான் உயர்ந்தவன் என்று ஒப்பமாட்டேன்.

இதே மஞ்சக்குப்பத்தில் 1934-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி பிறந்த மற்றொருவரிடம்தான் என் மனம் தங்குகிறது. முருகேசன் என்ற பெயரோடு வளர்ந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் மாமன் வீட்டில் சிறிது காலம் தங்கியிருந்து, அங்கே பாரதியின் பாடல்களையும் பொதுவுடைமைக் கருத்துக்களையும் கேட்டறிந்து, பின்னர் 1946-இல் சென்னை சேர்ந்து, கம்யூனிஸ்டுக் கட்சியின் பத்திரிகையான ஜனசக்தியின் அலுவலகத்தில் அடைக்கலம் புகுந்த அந்தப் பையன்தான் ஜெயகாந்தன். அவர் பார்த்த வேலைகளின் வரிசையைப் பார்த்தால் உத்தியோக முன்னேற்றம் என்ற சொல்லே பொருளற்றதாகிவிடுகிறது. மளிகைக் கடைப் பையன், மாவு மில் ஆள், டாக்டருக்குப் பை தூக்கியவர், சினிமாக் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்றவர், இங்க் ஃபாக்டரிக்குக் கைவண்டி இழுத்தவர், கம்பாசிட்டர், டிரெடில் ஓட்டியவர், புரூஃப் ரீடர் என்று அவை நீள்கின்றன. 1949-இல் கட்சி தடை செய்யப்பட்டபோது தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையிலும் வேலைக்கு இருந்தார். இவற்றுள் எதுவும் அடுத்ததற்குப் படியாக அமைந்ததன்று. எந்தப் பட்டியலிலும் இவை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கமாட்டா.

ஆயினும் அவ்வேலைகள் அவருக்குக் கல்வியாக மாறின. அது நடந்த விதத்தைக் கவனிப்பது நமக்கு மிகுந்த உபயோகம். அச்சுக்கோப்பவனுடைய தொழிலை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக வாசித்துக் கோத்து, பிழை கண்டால் பிடுங்கி மாற்றி, அச்சான பின் மறுபடியும் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். வேகமாகப் படித்துப் பக்கம் தள்ளுகிற நம்மைப் போன்றவர்களுக்குக் கண்ணில் படாத ஒரு வாக்கியத்தின் எலும்பும் நரம்பும் அவன் விரல் நுனிக்குத் தெரியும். பிழை திருத்துகிறவனோ, பிறர் எழுதிய பிரசங்கத்தையும் கட்டுரையையும் ஓர் ஒற்றுக்கூட விடாமல் வாசிக்கிறான். நல்ல வாக்கியம் எங்கே நிற்கிறது, கெட்ட வாக்கியம் எங்கே சரிகிறது என்பதை ஆசிரியனுக்கு முன்பாகவே உணர்ந்துவிடுகிறான். ஜெயகாந்தனின் பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தாமல் தர்க்கித்துக்கொண்டு போகிறபோதும் வாக்கியம் குலையாமல் நிற்பதற்கு, அந்த அச்சுக்கூடத்து அப்பியாசமும் ஒரு காரணம் என்று நான் ஊகிக்கிறேன். கைவண்டி இழுத்ததும் வீண்போகவில்லை. உன்னைப்போல் ஒருவன் என்ற கதையை எழுதி, 1965-இல் அதைத் தாமே திரைப்படமாகவும் எடுத்தபோது, சேரியின் மனிதர்களைப் பரிதாபத்துக்குரிய பொருள்களாக்காமல் கௌரவமுள்ளவர்களாக நிறுத்த அவரால் முடிந்தது, அவர்களோடு கூலி வாங்கி உண்டதனால்தான். 1972-இல் சாகித்திய அகாதமி பரிசும், 2002-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடமும், 2009-இல் பத்மபூஷணும் பின்னால் வந்தன. வராமற் போயிருந்தாலும் அந்த மனிதர் குறைந்திருக்கமாட்டார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பள்ளிக்கூடம் போகாமலே ஒருவர் இவ்வளவு உயர்ந்தார் என்று சொல்லிப் படிப்பை அலட்சியம் செய்கிற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அது அவர் சரித்திரத்தைப் பாதியில் படித்தவர்களின் பேச்சு. பாரதியைக் கையில் கொடுக்க ஒரு மாமன் இருந்தார். ஜீவானந்தம் முதலிய தலைவர்கள் நடமாடி, இரவும் பகலும் இலக்கியமும் அரசியலும் விவாதித்த ஓர் அலுவலகம் அந்தச் சிறுவனுக்குச் சோறும் இடமும் வேலையும் கொடுத்தது. சுயமுயற்சி என்று நாம் போற்றுகிற எதையும் சற்று அருகே சென்று பார்த்தால், யாரோ திறந்துவைத்த ஒரு கதவு அங்கே தென்படும்.

அத்தகைய கதவு ஒன்றைச் சிதம்பரத்தில் காணலாம். தில்லைக் கோயிலின் வாசலில் நின்ற நந்தனாரின் பெயரையே தாங்கி, ஆதிதிராவிடக் குழந்தைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916-இல் ஒரு கல்விக்கழகம் தொடங்கினார். ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து துறவியாகி, தமிழிலும் சமய நூல்களிலும் தேர்ந்த அவர், தம்முடைய ஞானத்தைத் தம்மளவில் வைத்துக்கொண்டு மடத்தில் அமர்ந்திருக்கலாம். அவரோ பல ஆண்டுகள் சட்டசபையிலிருந்து வாதாடியும், ஊர் ஊராய்ப் பொருள் திரட்டியும், 1959-இல் தாம் மறையும் வரையில் அந்தப் பள்ளியையும் விடுதியையும் வளர்த்தார். இம்மாவட்டத்தின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தத்தம் குடும்பத்தின் முதல் உத்தியோகஸ்தர்களாக வந்து அமர்ந்தவர்கள் பலருக்கு அங்கேதான் அகரம் தொடங்கிற்று. அவர்களிடம் போய் அபிலாஷை கூடாது என்று உபதேசிப்பது கொடுமை. அவர்களுடைய அபிலாஷைக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கிறது. அதே சிதம்பரத்தில் 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம், அரை நூற்றாண்டு கழித்து 1979-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாமல் வேலைக்கு வந்துவிட்ட குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் இரவில் விளக்கடியில் அமர்ந்து பட்டம் பெற்றார்கள். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை, ஆலப்பாக்கம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேரும் ரயிலில், மடியில் பாடப் புத்தகத்தோடு வருகிற இளம் பெண்களை இன்றும் பார்க்கலாம். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மரியாதை உண்டாகிறது.

உத்தியோகம் ஒரு பெண்ணுக்கு என்ன கொடுக்கிறது என்பதையும் ஜெயகாந்தனே யுகசந்தி என்ற கதையில் காட்டியிருக்கிறார். மணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்து, ஆசிரியைப் பயிற்சி பெற்று, நெய்வேலியில் வேலை பார்க்கும் கீதா, தன்னோடு பணிபுரியும் ஒருவரை மறுமணம் செய்துகொள்ளத் தீர்மானிக்கிறாள். அவள் எழுதிய கடிதத்தோடு கெடில நதிப் பாலத்தைக் கடந்து கடலூரிலுள்ள மகன் வீட்டுக்கு வருகிறாள், தானும் இளவயதில் விதவையான கௌரிப் பாட்டி. சுரங்கத்துக்காக 1956-இல் ஏற்பட்ட நெய்வேலி நிறுவனத்தைச் சுற்றிப் புதிதாக எழுந்த ஒரு நகரத்தின் பள்ளிக்கூட வேலை, அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தை மட்டுமா கொடுத்தது? தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவு செய்து, அதைத் தன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பும் திராணியைக் கொடுத்தது. ஆனால் கதையின் சிகரம் பாட்டிதான் என்பது என் துணிபு. எந்தப் பள்ளியும் எந்தப் பதவியும் காணாத அந்த முதியவள், குடும்பம் முழுவதும் பேத்தியைத் தலைமுழுகத் துணிந்தபோது, தன் எழுபது வயதின் வழக்கங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவளோடு இருக்கப் புறப்படுகிறாள். தன்னைத் திருத்திக்கொள்வதற்கு வயதும் பட்டமும் தடையல்ல என்று ஆயிரம் பிரசங்கங்கள் செய்தாலும் இவ்வளவு விளங்காது.

நம் அலுவலகங்களுக்குத் திரும்புவோம். கோப்பில் குறிப்பு எழுதுவதும் பிழை திருத்துபவனின் வேலையைப் போன்றதே என்பது என் அனுபவம். பட்டா மாற்றம் கேட்டுக் கிராமத்திலிருந்து வரும் ஒரு விண்ணப்பத்தில், கணவன் இறந்த தேதி, நிலத்தின் உட்பிரிவு, முன்பு ஒருவர் கொடுத்த ஆட்சேபம், அதன்மேல் அன்றைய வருவாய் ஆய்வாளர் செய்த விசாரணை ஆகிய யாவும் எங்கேனும் புதைந்து கிடக்கும். அவற்றை ஓர் எழுத்து விடாமல் வாசித்து, மேலதிகாரி ஐந்து நிமிஷத்தில் நியாயமான முடிவுக்கு வரும்படி ஒன்றரைப் பக்கத்தில் குறிப்பெழுதத் தெரிந்தவன், பட்டியலில் எத்தனையாவது வரியில் இருந்தாலும் தன் தொழிலில் தேர்ந்தவன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தெளிவான குறிப்புகள் எழுதிவிட்டுப் போன குமாஸ்தாக்கள் பலர் உண்டு. அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது, முதலெழுத்து மாத்திரம் காகித ஓரத்தில் இருக்கிறது. அவர்கள் எழுத்தைப் படித்துத்தான் நான் எழுதக் கற்றேன்.

ஆதலால் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கு, துறைத் தேர்வுப் புத்தகங்களோடு கூட, முதல் ஆண்டில் வாரத்துக்கு ஒரு பழைய கோப்பை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் படிக்கக் கொடுத்து, அதில் நியாயம் எங்கே செய்யப்பட்டது, எங்கே தவறிப்போயிற்று என்று மூத்தவர் ஒருவர் உடன் அமர்ந்து பேச வேண்டும் என்பது என் கோரிக்கை. இதற்கு அரசாணை எதுவும் பிறக்க வேண்டியதில்லை. பதிவறையின் சாவியை வைத்திருப்பவரும் ஓய்வு பெறப்போகும் உதவியாளர் ஒருவரும் மனம் வைத்தால் வருகிற திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.